ஐம்பது பெனிக் முகம்

ஹாசல்ரீட், 9 ஜனவரி 1921

கர்த்தருக்குள் அன்பான தங்கை மெக்தில்டுக்கு,

அண்ணன் டிரவுகோட் எழுதுவது. அவருடைய கிருபையால் நான் நலம். ஆல்டோனாவின் ஈரக்காற்று உன் நெஞ்சை வருத்தாதிருக்க வேண்டுகிறேன். என் மூட்டு வாதம் மட்டும் பழைய நண்பனைப்போல் மாரிதோறும் வந்து தங்கிவிடுகிறது.

இவ்வூரில் சில்லறை அற்றுப்போய்விட்டது. வெள்ளிக்காசை அரசு திரும்பப் பெற்றுக்கொண்டது. செம்பையும் நிக்கலையும் பீரங்கிகள் விழுங்கின. ரொட்டிக் கடையில் மீதிக்குத் தபால்தலை தருகிறார்கள். சென்ற ஞாயிறு காணிக்கைத் தட்டில் மூன்று கால்சட்டைப் பொத்தான்கள் விழுந்தன. ஆகவே மற்றச் சிற்றூர்களைப் போல நம் நகராட்சியும் தானே காகிதச் சில்லறை அச்சிடத் தீர்மானித்திருக்கிறது. நகரத் தலைவர் குரோனே அவையில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"போதகரய்யா, நாம அடிக்கப்போறது காசுன்னா நெனைக்கிறீங்க? படம்! ஹாம்பர்க்ல, பெர்லின்ல எல்லாம் இதுக்குன்னே ஆல்பம் வாங்கி வச்சிக்கிட்டு அலையறான். ஒட்டி வச்சவன் கிழிச்சு எடுத்துட்டு வந்து மாத்துவானா? டிசம்பர் முப்பத்தொண்ணோட செல்லாதுன்னு போட்டுடுவோம். திரும்பி வராத தாள் அத்தனையும் ஊருக்கு லாபம்!"

அந்த இலாபத்தில் ஆலயமணி ஒன்று வார்க்க வேண்டும் என்று கேட்டேன், இசைந்தார்கள். நம் மணிகள் இரண்டையும் படையினர் இறக்கிக்கொண்டு போன நாள் முதல் கோபுரத்தில் புறாக்களே வழிபாடு நடத்துகின்றன. பத்து பெனிக் தாளில் ஆலயம், இருபத்தைந்தில் நீராலை, ஐம்பதில் ஏதேனும் நகைச்சுவை. அடிக்குறிப்புச் செய்யுட்கள் என் பொறுப்பு.

உன் மகள் கெசீனா நலம். கடையைத் திறந்து வைத்திருக்கிறாள். ஆலயத்தில் கடைசி வரிசையில் அமர்கிறாள்.

சமாதானம் உன்னோடிருப்பதாக.
உன் அண்ணன் டிரவுகோட் ஆலர்ஸ்

---

ஆல்டோனா, 23 ஜனவரி 1921

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். நெஞ்சுச்சளி குறைந்திருக்கிறது. மூட்டுக்குக் கற்பூரத் தைலம் தனியே அனுப்பியிருக்கிறேன், சூடாக்கித் தேயுங்கள்.

கடைசி வரிசை என்று ஒரு சொல்லில் எழுதிவிட்டீர்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அதிகாரிகள் அவள் கடையின் நிலவறையைத் தோண்டி ஒரு சட்டி நிறைய வெள்ளிக்காசை எடுத்துக்கொண்டு போனார்களே, அன்றிலிருந்துதானே கடைசி வரிசை? ஊரே சில்லறைக்குத் தவித்தபோது காசைப் புதைத்தவள் என்ற பெயர். போரில் கணவனை இழந்து மூன்றாண்டு கூட ஆகாதவள். நான் எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். "அது என்னோடது இல்லம்மா. அதுக்கு மேல கேக்காத" என்பதே அவள் பதில். நீங்கள் அவளுக்கு மாமா. ஞானஸ்நானத்தில் அவளைக் கையில் ஏந்தியவர். உங்களிடமாவது சொன்னாளா?

ஒரு நற்செய்தியும் உண்டு. இங்கே இரயில்வே அலுவலகத்தில் எழுத்தராயிருக்கும் டெட்லெஃப் ஹார்ம்ஸ் என்பவர், மனைவியை இழந்தவர், கெசீனாவைப் பெண் கேட்கிறார். அமைதியானவர், குடிப்பதில்லை. அவளை இங்கே அழைத்துக்கொண்டால், அந்தச் சட்டியை அறியாத ஓர் ஊரில் மீண்டும் முன்வரிசையில் அமர்வாள். எனக்கு வேறு ஆசை இல்லை.

உறை தீர்ந்துவிட்டது. மருமகன் இறந்தபோது வாங்கிய கறுப்புக்கரை உறை ஒன்று மிச்சமிருக்கிறது. சாவுச் செய்திக்கன்றி அதைத் தொடமாட்டேன். இதைப் பழைய உறையைத் திருப்பி ஒட்டி அனுப்புகிறேன்; மன்னியுங்கள்.

தங்கை மெக்தில்ட்

---

ஹாசல்ரீட், 6 மார்ச் 1921

அன்பான தங்கைக்கு,

தைலம் வந்தது, மூட்டு இளகியது. நன்றி.

திருமணப் பேச்சு மகிழ்ச்சி தருகிறது. வெளியூர் வாழ்வு கெசீனாவுக்கு நல்லது என்றே நானும் எண்ணுகிறேன். நீ கேட்ட மற்றொன்றைப் பற்றி, சில கேள்விகளை ஆண்டவரின் தீர்ப்புக்கு விட்டுவிடுவதே பணிவுடைமை.

தாள்கள் வெளிவந்தன. நீராலையின் சக்கரத்தை ஓவியர் அழகாக எழுதியிருக்கிறார். ஐம்பது பெனிக் தாளில் முட்டைக்குப் பதில் காசுச் சட்டியின்மேல் அடைகாக்கும் ஒருத்தியைத் தீட்டியிருக்கிறார்கள். மதுக்கடையில் அதை வைத்துச் சிரித்துச் சிரித்து ஒருவருக்குப் புரையேறியதாம். குறிப்பாக எவரையும் சுட்டுவதன்று. பேராசையைப் பழிக்கும் பொதுப்படையான சித்திரம்.

பத்தும் இருபத்தைந்தும் இத்துடன் வைத்திருக்கிறேன். ஐம்பது கைவசம் தீர்ந்துவிட்டது.

அண்ணன்

---

ஆல்டோனா, 15 மார்ச் 1921

அண்ணாவுக்கு,

நலம் விசாரிக்கிறேன். நான் நலமென்று எழுதக் கை வரவில்லை.

ஐம்பது உங்களிடம் தீர்ந்துவிட்டது. இங்கே சேகரிப்போருக்குத் தாள் விற்கும் லூர்ஸ் கடையின் கண்ணாடிக்குப் பின்னால் மயில்தோகைபோல் விரித்து வைத்திருக்கிறார்கள். உள்ளே போனேன்.

"வாங்கம்மா. ஹாசல்ரீட் கோழியப் பாக்க வந்தீங்களா? எல்லாரும் அதத்தான் கேக்கறாங்க" என்றார் லூர்ஸ்.

"யாரோட முகம் இது?"

"யாரோ பணத்தப் பொதச்சவளாம். நெசமாவே அந்த ஊர்ல இருக்காளாம்! மச்சம்கூட அதே எடத்துலயாம். அதான் வெல கூட."

உதட்டோர மச்சம், அண்ணா. தலையில் நான் தைத்துக் கொடுத்த குல்லாய், காதுப்பக்கம் அதே மடிப்பு. கீழே செய்யுள்:

முட்டைமேல் கோழி முடங்கும், இவளோதன்
சட்டிவெண் காசின்மேல் தாய்.

பிள்ளை பெறாமலே கணவனை இழந்தவளைத் தாய் என்று எழுதிய கை எது? கடைசி அடியை ஒற்றைச் சொல்லில் அறுத்து முடிப்பது சிறுவயதிலிருந்தே யாருடைய வழக்கம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்கிறேன். நீங்களா?

இன்னொன்று. ஹார்ம்ஸும் இந்தத் தாள்களைச் சேர்ப்பவர். ஞாயிற்றுக்கிழமை ஆல்பத்தைக் கொண்டுவந்து எனக்குப் பக்கம் பக்கமாகக் காட்டினார். அதில் ஹாசல்ரீட் இன்னும் இல்லை. அது வருவதற்குள் இந்தத் தாளைத் திரும்பப் பெறச் சொல்லுங்கள். மண்டியிட்டுக் கேட்கிறேன்.

மெக்தில்ட்

---

ஹாசல்ரீட், 4 ஏப்ரல் 1921

அன்பான தங்கைக்கு,

உயிர்த்தெழுந்தவரின் வாழ்த்துகள். பண்டிகைக்கால ஊழிய மிகுதியால் பதில் தாமதமாயிற்று.

பொருள் நகராட்சியுடையது, நான் யாப்பைச் செப்பனிட்டதோடு சரி. இருபதாயிரம் தாள் ஏற்கெனவே ஊர் கடந்துவிட்டது. பறந்த பறவைகளைக் கூட்டுக்கு அழைக்க எவரால் இயலும்? மக்கள் மறதி பெரிது, பொறுத்திரு.

கெசீனா கடையை விற்றுவிட்டு உன்னிடம் புறப்படுகிறாள். விடைபெற ஆலயத்தின் பின்னறைக்கு வந்தாள்.

"மாமா, நீங்க ஒரே ஒரு வார்த்த சொன்னாப் போதும்" என்றாள்.

"மணி ஏறட்டும் அம்மா" என்றேன்.

"மணி ஏறின பொறகு சொல்லுவீங்களா?"

அவள் தலைமேல் கைவைத்து ஆசீர்வதித்தேன். அழுதுகொண்டே போனாள், பிரிவின் துயரம் இயல்புதானே. வழிக்கு ஒரு பன்றியிறைச்சித் துண்டு கட்டிக்கொடுத்தேன்.

அண்ணன்

---

ஆல்டோனா, 20 ஏப்ரல் 1921

அண்ணாவுக்கு,

கெசீனா வந்து சேர்ந்தாள். மெலிந்திருக்கிறாள். ஹார்ம்ஸ் அவளைப் பார்த்தார், பிடித்திருக்கிறது. பெந்தெகொஸ்தே ஞாயிறன்று நிச்சயதார்த்தம்.

பியானோவை விற்றுவிட்டேன், கூடத்தில் இடம் போதவில்லை. கல்யாணத் துணிப்பெட்டியையும் விற்றேன். யார் இனி உடுத்தப் போகிறார்கள்?

ஒரு சிறு விவரம் வேண்டும். ஐம்பது பெனிக் தாள் ஹாம்பர்க் பக்கம் எந்தெந்தக் கடைகளுக்கு அனுப்பப்படுகிறது? சும்மா அறிந்துகொள்ளத்தான்.

மூட்டு எப்படி இருக்கிறது?

மெக்தில்ட்

---

ஹாசல்ரீட், 6 மே 1921

அன்பான தங்கைக்கு,

நம் ஆண்டவர் கதவைத் திறந்தால் அகலத் திறக்கிறார்! நீ கேட்ட கடைகளின் பெயர்களை நகராட்சி எழுத்தர் எழுதித் தந்தார், இத்துடன் இருக்கிறது. அந்தக் கடைகளிலிருந்துதான் அதிசயம் நிகழ்ந்தது. ஐம்பது பெனிக் தாளை ஆல்டோனாவில் யாரோ ஒருவர் கட்டுக்கட்டாக வாங்கிப்போகிறாராம். வாங்கிய தாள் மறுபடி சந்தைக்கு வருவதேயில்லை என்று லூர்ஸ் வியந்து எழுதுகிறார். வெளியில் கிடைப்பது அருகியதால் விலை நான்கு மடங்கு ஏறிவிட்டது. தாள் சேர்ப்போருக்கென்று வரும் பத்திரிகை ஒன்று கோழியின் படத்தை முகப்பில் போட்டிருக்கிறது!

குரோனே மேசையைத் தட்டிச் சிரித்தார். "அந்தப் புண்ணியவான் யாரா இருந்தாலும் சரி, அவருக்கு ஒரு சிலை வைக்கணும்! இன்னும் நாப்பதாயிரம் அடிங்கடா. இந்தத் தடவ மச்சத்த நல்லா பெருசாப் போடுங்க, தூரத்துலேருந்தே தெரியணும்!"

மணிக்கு முன்பணம் கட்டிவிட்டோம். முகம் அறியாத அந்தக் கலை அன்பருக்காக ஞாயிறு வழிபாட்டில் சபையாரோடு சேர்ந்து நன்றி ஏறெடுத்தேன்.

நிச்சயதார்த்தத்திற்கு என் ஆசிகள்.

அண்ணன்

---

ஆல்டோனா, 10 மே 1921

அண்ணாவுக்கு,

அந்தக் கலை அன்பர் நான்தான்.

பியானோ, துணிப்பெட்டி, அம்மாவின் வெள்ளிக் கரண்டிகள், எல்லாம் அந்தத் தாள்களாயின. இரவில் அல்ல, பட்டப்பகலில், கெசீனா சந்தைக்குப் போகும் வேளையில் அடுப்பில் போட்டு எரித்தேன். ஊரிலிருந்து அவள் முகத்தைத் துடைத்துவிடலாம் என்று எண்ணினேன். நான் எரித்த ஒவ்வொன்றுக்கும் இரண்டை நீங்கள் அச்சடித்திருக்கிறீர்கள். நான் அடுப்பின் முன் நிற்க, அங்கே நீங்கள் என் பெயர் அறியாமலே எனக்காக ஜெபித்திருக்கிறீர்கள்.

நேற்று அவள் சீக்கிரம் திரும்பிவிட்டாள்.

"என்னம்மா எரிக்கிற?"

"பழைய காயிதம்டி. போய்க் கைகால் கழுவு."

பாதி எரிந்த ஒன்றை இடுக்கியால் இழுத்தெடுத்துப் பார்த்தாள். தன் கண்ணும் மச்சமும் மட்டும் மிஞ்சியிருந்ததைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்து முதன்முறையாகச் சொன்னாள்:

"அது மணிக்காசும்மா. சபையில மணிக்குன்னு போட்ட வெள்ளி. அரசாங்கம் காயிதம் குடுத்துட்டு வெள்ளிய வாங்கிக்கும்னு மாமா எங்கிட்டப் பொதைக்கக் குடுத்தாரு. பீடத்துல கைய வச்சு, வெளிய சொல்லமாட்டேன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாரு. சபையில போயி நாட்டுக்குக் குடுத்துட்டோம்னு சொல்லிட்டாரு. பிடிச்சப்போ வந்து சொல்லுவாருன்னு நெனச்சேன்."

அபராதம் அவள் கட்டினாள். பழி அவள் சுமந்தாள். செய்யுள் நீங்கள் எழுதினீர்கள்.

நான் வழக்குத் தொடுக்கப் போவதில்லை. பிரசங்க பீடத்திலும் ஏறவேண்டாம். ஹார்ம்ஸுக்கு ஒரே ஒரு வரி எழுதுங்கள்: அந்தக் காசு கெசீனாவுடையதன்று, என்னுடையது. பெந்தெகொஸ்தேக்கு முன் வந்துசேர வேண்டும்.

மெக்தில்ட்

---

ஹாசல்ரீட், 2 ஜூன் 1921

அன்பான தங்கைக்கு,

உன் கடிதத்தைக் கண்ணீரோடு படித்தேன். மூட்டுவீக்கத்தால் எழுதுகோல் பிடிக்க இயலாமல் பண்டிகை கடந்துவிட்டது.

சிந்தித்துப் பார். மணிக்குப் பணம் சேரும் இவ்வேளையில் மேய்ப்பன்மேல் களங்கம் வந்தால் மந்தை சிதறாதா? சபை எனக்கன்று, அவருக்கு உரியது. என் பெயரைக் காப்பது எனக்காகவன்று. கெசீனா சுமப்பது சிலுவையின் ஒரு சிறு சிராய். சுமப்போருக்கு அங்கே கிரீடம் உண்டு.

நீ எரித்தவை குறித்து வருந்தாதே. எரிந்த தாளுக்கு நகராட்சி ஈடு தர வேண்டியதில்லை. ஆகவே நீ செலவிட்டது முழுவதும் மணியின் வெண்கலத்தில் கலந்துவிட்டது. ஆலயப் பெட்டியில் தன்னிடமிருந்த இரு காசையும் போட்ட ஏழை விதவையை அவர் கண்டார் அல்லவா? உன்னையும் கண்டிருப்பார்.

நிச்சயதார்த்தம் இனிதே நடந்ததா? எழுது.

அண்ணன்

---

ஆல்டோனா, 16 அக்டோபர் 1921

அண்ணாவுக்கு,

ஐந்து மாதமாக எழுதவில்லை. இன்று எழுதவேண்டியதாயிற்று.

நிச்சயதார்த்த விருந்தில் ஹார்ம்ஸின் அலுவலக நண்பர்கள் ஒரு பரிசு கொண்டுவந்தார்கள். கண்ணாடிச் சட்டமிட்ட ஹாசல்ரீட் கோழி. இரண்டாம் அச்சு, பெரிய மச்சம். ஒருவன் தாளையும் பார்த்தான், கெசீனாவையும் பார்த்தான். "டேய் டெட்லெஃப், உன் பொண்டாட்டியாகப் போறவளுக்கு ஏற்கெனவே ஊரே படம் அடிச்சு வச்சிருக்குடா!" என்றான். ஹார்ம்ஸ் எழுந்துபோவார் என்றுதான் நினைத்தேன். அவர் சிரித்தார். அவள் கையைப் பிடித்து முத்தமிட்டார். "சேத்து வைக்கத் தெரிஞ்ச பொம்பளதான் எனக்கு வேணும்" என்றார்.

அன்று நான் ஆண்டவருக்கு நன்றி சொன்னேன், அண்ணா. உங்களையும் மன்னித்தேன். ஜூலையில் கல்யாணம்.

ஒரு மாதம் நன்றாயிருந்தார். பிறகு தாள்பணம் நாளுக்கு நாள் தேயத் தேய, அவருக்கு வெள்ளி நினைப்பு வந்துவிட்டது.

"ஒரு சட்டியத்தான் புடிச்சாங்க. மத்தது எங்க?"

"மத்ததுன்னு ஒண்ணும் இல்லீங்க. அதுவே என்னோடது இல்ல."

"புருஷன்கிட்டயே ஒளிக்கிறியா? ஊரு உலகத்துக்கே தெரியுது, எனக்குத் தெரியக்கூடாதா?"

சட்டமிட்ட படத்தை அவள் எதிரே சுவரில் மாட்டிவைத்திருக்கிறார். அவர்கள் வீட்டுத் தரைப்பலகைகளைப் பெயர்த்துவிட்டார். பிறகு என் வீட்டு நிலவறையையும் தோண்டினார். கெசீனா சத்தியத்தை உடைத்து, அது சபைக்காசு என்று சொல்லிவிட்டாள். அவர் நம்பவில்லை. சென்ற வாரம் அவள் வலக்கையின் இரண்டு விரல்களைக் கதவிடுக்கில் வைத்து முறித்துவிட்டார். என்னிடம் வந்தவளை மறுநாள் இழுத்துக்கொண்டு போனார். காவல் நிலையத்தில், கணவன் மனைவி விவகாரம் என்றார்கள்.

ஹார்ம்ஸிடமே போய் நின்றேன். "சரி, அந்தப் போதகருக்கே எழுதிக் கேக்கறேன். அவரு ஆமான்னு எழுதட்டும், அன்னிக்கே விட்டுடறேன்" என்றார். அவர் எழுதுவார். மதப்பற்றுள்ளவர், போதகர் சொல்லை நம்புவார்.

அண்ணா, ஒரே வரி. இனி அவள் பெயருக்காகக் கேட்கவில்லை. உயிருக்காகக் கேட்கிறேன்.

மெக்தில்ட்

---

ஹாசல்ரீட், 21 நவம்பர் 1921

மதிப்பிற்குரிய திரு. டெட்லெஃப் ஹார்ம்ஸ் அவர்களுக்கு,

ஆண்டவரின் சமாதானம் உங்கள் இல்லத்தில் தங்குவதாக. தங்கள் கடிதம் கிடைத்தது. நேற்று எங்கள் புதிய மணியைக் கோபுரத்தில் ஏற்றிய பேரானந்தத்தினிடையே இதை எழுதுகிறேன். அதன் விளிம்பில் "அழைக்க அறிந்தேன், மௌனம் அறியேன்" என்று பொறித்திருக்கிறோம். வாசகம் அடியேனுடையது. முதல் ஓசை எழுந்தபோது ஆண்களும் அழுதார்கள்.

தாங்கள் வினவிய காசு குறித்து: அது நீதிமன்றம் விசாரித்து முடித்த பொருள். அது யாருடையது என்று தீர்ப்பில் இருக்கிறது. அதற்கு மேல் நான் சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. என் மருமகள் துயருற்ற காலத்தில் பலவற்றைக் கற்பனை செய்துகொண்டிருக்கக்கூடும்.

இல்லற வாழ்வில் ஒளிவுமறைவு தகாது என்பது தங்களுக்குத் தெரியாததன்று. பொறுமையோடும் அன்போடும் கேட்டுக்கொண்டிருங்கள். மனைவி தன் உள்ளத்தைக் கணவனிடம் திறக்கும் நாள் வரும்.

ஊழியன்,
டிரவுகோட் ஆலர்ஸ்

---

ஹாசல்ரீட், 8 ஜனவரி 1922

கர்த்தருக்குள் அன்பான தங்கை மெக்தில்டுக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். அவருடைய கிருபையால் நான் நலம். மூட்டு வாதமும் இந்த மாரியில் அவ்வளவாக வருத்தவில்லை. அக்டோபருக்குப் பிறகு உன்னிடமிருந்து கடிதமே இல்லை, திரு. ஹார்ம்ஸும் என் மடலுக்குப் பதில் எழுதவில்லை. யாவும் நலமென்றே கொள்கிறேன்.

காகிதச் சில்லறையின் கணக்கை டிசம்பர் முப்பத்தொன்றோடு முடித்துவிட்டோம். எதிர்பார்த்ததைவிட மிகச்சிலவே திரும்பி வந்தன. கடைசி நாள் கடைசித் தபாலில், ஐம்பது பெனிக் தாள் ஒன்றே ஒன்று ஆல்டோனாவிலிருந்து வந்தது. உள்ளே கடிதம் இல்லை. தாளின் ஓரம் கருகியிருந்தது. ஒரு கண்ணும் மச்சமும் தெளிவாக இருந்தன. எழுத்தர் தயங்கினார்.

"இது பாதி எரிஞ்சு போயிருக்கே. செல்லுமா?" என்றார்.

"கெடு தாண்டல இல்ல? அப்ப குடுத்துத்தான் ஆகணும்" என்றார் குரோனே. "நாம நேர்மையான ஊருய்யா."

உறையின் முகவரி உன் கையெழுத்தில் இருந்ததால், ஈட்டுக்காசை நானே அனுப்பிவைப்பதாகச் சொல்லிப் பெற்றுக்கொண்டேன். அரசு புதிதாக வெளியிட்டிருக்கும் அலுமினியக் காசு. உள்ளங்கையில் வைத்து மூச்சு விட்டாலே நகர்கிறது. இத்துடன் இருக்கிறது.

உறைக்குக் கறுப்புக்கரை இட்டிருந்தது. கைவசம் வேறு உறை இல்லாமற் போயிருக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

மணியோசை காற்றடிக்கும் திசைக்கு மூன்று ஊர் தாண்டிக் கேட்கிறதாம். ஒருமுறை வந்து கேட்டுப் போ.

கெசீனாவுக்கு என் ஆசிகளைச் சொல்.

உன் அண்ணன்
டிரவுகோட்